டப்பாவைத் திறக்கச் சொன்னவர்

என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் பொய்தான் வரும் என்பது அவருடைய முடிவு. நாமாகவே ஆரம்பித்து, காலையில் மூன்று இட்லி, பதினோரு மணிக்கு ஒரு கொய்யா, மதியம் கீரை என்று அடுக்கிக்கொண்டே போனால், அவர் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் மூச்சு வாங்குகிற நேரத்தில் திரும்பி, "சரி, டப்பாவ தொறங்க" என்பார்.

விழுப்புரத்தில், பிள்ளை வேண்டிப் போகிறவர்களுக்கென்று இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவருக்குச் சாப்பாட்டு ஆலோசகர் வேலை. எங்களுக்கெல்லாம் டயட் மேடம். நாற்பதைத் தாண்டிய வயது, பூசினாற்போல உடம்பு, நடந்தால் செருப்புச் சத்தம் மாடிப்படி முழுக்கக் கேட்கும். கைப்பையில் எல்லாரும் செல்போன் வைத்திருக்கிற இடத்தில் அவர் நீளமான ஒரு ஸ்பூன் வைத்திருப்பார். அது அவர் சாப்பிடுவதற்கு அல்ல. நம் டப்பாவை அடிவரைக்கும் கிளறிப் பார்ப்பதற்கு.

"மனுசங்க கல்யாணத்துக்கு முன்னாடி நடந்ததக்கூட என்னாண்ட சொல்லிட்றாங்க. சாப்ட்டத மட்டும் சொல்ல மாட்டன்றாங்க" என்பார். "பொம்பளைங்க சாப்டாதத சாப்ட்டேன்னு சொல்றாங்க. ஆம்பளைங்க சாப்ட்டத சாப்டலன்னு சொல்றாங்க. நான் யார நம்பறது?"

அதனால் அவரைப் பார்க்கும் நேரம் பகல் ஒரு மணி. புருஷன் பெண்டாட்டி இருவரும் வீட்டில் அன்றைக்குச் சமைத்ததை ஆளுக்கொரு டப்பாவில் கட்டிக்கொண்டு வரவேண்டும். ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட இடத்தில் பெஞ்சுகள் போட்டிருக்கும். அங்கே உட்கார்ந்து அவர் கண்ணெதிரே சாப்பிடவேண்டும். டப்பா காலியாகும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அதுதான் சட்டம். என் வீட்டுக்காரர் முதல் நாள் படியேறி அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "இது இன்னா ஆஸ்பத்திரியா, கல்யாணப் பந்தியா? மொய் எங்க எழுதறாங்க?" என்று என் காதில் கேட்டார்.

நாங்கள் கோலியனூர்ப் பக்கம். கொஞ்சம் கொல்லை நிலம் உண்டு, மல்லாட்டை போடுவோம், மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள். இவர் அதோடு ஒரு லோடு வேனும் ஓட்டுகிறார். கண்டாச்சிபுரம் சந்தையிலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டுபோய் திண்டிவனத்தில் எண்ணெய் மில்லில் இறக்குவார். போகும்போது புரோட்டா, வரும்போது புரோட்டா. நடுவில் வாயில் பாக்கு, அது காய்ந்தால் ஒரு கலர் சோடா. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரில் யாரும் என்னைக் கொடுமை செய்யவில்லை. விசாரித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் குழாயடியில், வளைகாப்பில், ரேஷன் கடையில் விசாரித்தார்கள். நான் வளைகாப்புகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். எனக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று அப்போது அவ்வளவு ஆசை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு பேரையும் சோதித்துவிட்டு இரண்டு பேரிடமும் குறை இருக்கிறது என்று சொன்னபோது, எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. பாவம்தான், ஆனாலும் உண்மை. எனக்கு ரத்தம் குறைவு, எடை குறைவு, மாதவிலக்கு தன் இஷ்டத்துக்கு வந்துபோகும். இவருக்கு உயிரணு குறைவு, இருப்பதும் சோம்பேறி. "ஊசி மருந்தெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல கொஞ்ச நாள் மாடிக்குப் போங்க" என்று டாக்டரம்மா மேலே கையைக் காட்டினார்.

என் மாமியார் அதைக் கேட்டுவிட்டு, "சோறு துன்றதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா?" என்றார்.

முதல் நாள் பந்தியை என்னால் மறக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த விக்கிரவாண்டிப் பெண் ஒருத்தி எனக்கு ரகசியமாக யோசனை சொன்னாள். ஒரு முட்டையை அவித்து மேலே வைத்துவிட்டால் மேடம் சும்மா போய்விடுவாராம். நானும் வீட்டிலிருந்தே அப்படி ஒரு முன்யோசனையோடுதான் பாதி முட்டையை மேலே வைத்துக்கொண்டு வந்திருந்தேன். மேடம் வந்தார். ஸ்பூனை எடுத்தார். முட்டையை ஒரு ஓரமாக மரியாதையோடு நகர்த்தி வைத்தார். கீழே ரசம் சோறு. இன்னும் கீழே, அடிவரைக்கும், ரசம் சோறு. ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய்.

பிறகு இவருடைய டப்பாவைத் திறந்தார். மூன்றடுக்கு. ஒன்றில் சோறு, ஒன்றில் மீன் குழம்பு, ஒன்றில் வறுத்த மீனும் பீன்ஸ் பொரியலும் மீதி ஒன்றரை முட்டையும்.

"ரெண்டும் ஒரே வீட்லதான் சமச்சதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம்" என்றேன்.

"யாரு கட்டினது?"

"நான்தாங்க."

"உனக்கு ரசம் சோறுதான்னு யார்னா சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். என் மாமியார் சொல்லவில்லை, இவர் சொல்லவில்லை, எங்கள் அம்மா வீட்டிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிற மனுஷனுக்கு நல்லதாக வைத்துவிட்டு, இருப்பதை எனக்கு எடுத்துக்கொண்டேன். கை தானாக அப்படித்தான் போட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றேன்.

"சரி, ரெண்டு பேரும் டப்பாவ மாத்திக்குங்க" என்றார்.

இவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. இவர் என் டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எனக்குப் பத்தாதுங்களே மேடம்" என்றார்.

"அவங்களுக்குப் பத்துதா?"

இவர் ரசம் சோற்றை உருட்டி உருட்டிச் சாப்பிட்டார். நான் மீனைச் சாப்பிடக் கூச்சப்பட்டு முள்ளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். "முள்ளு எடுக்கறது அப்பறம், மொதல்ல மீனு" என்று மேடம் என் தலைக்கு மேலே நின்றார். பந்தி முழுக்க எங்களைத்தான் பார்த்தது. விக்கிரவாண்டிக்காரி சத்தமில்லாமல் தன் டப்பாவின் மேலிருந்த முட்டையை உள்ளே புதைத்தாள்.

திரும்பும்போது வேனில் இவர், ரயில்வே பாலம் இறங்கியதும், "தெனமும் இதத்தான் துன்றியா?" என்றார்.

"கொழம்பு மீந்தா ஊத்திக்குவேன்."

"எப்ப மீந்துபோவும்?"

"நீங்க ரெண்டாந்தரம் போட்டுக்காத அன்னிக்கு."

இவர் மறுநாள் மதியம் லோடு இறக்கிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். வழியில் புரோட்டா சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் தட்டு வைத்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "நீயும் குந்து" என்றார். நான் அப்புறம் சாப்பிடுகிறேன் என்றேன். உடனே தன் தட்டிலிருந்து குழம்பு, பொரியல், மீன் எல்லாவற்றிலும் பாதிப் பாதியை இன்னொரு தட்டில் தள்ளினார். தள்ளின வேகத்தில், அன்றைக்கு நான் வைத்திருந்த பாயசக் கிண்ணத்தில் மீன் குழம்பு கொட்டிக் கலந்துவிட்டது. அன்று சாப்பிட்டது போல ஒரு மோசமான பாயசத்தை நான் சாப்பிட்டதில்லை, ஆனாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அந்த மனுஷனை எனக்கு அதற்கு முன்பும் பிடிக்கும். அன்றைக்கு ரொம்பப் பிடித்தது.

மேடத்தின் கதைகள் மாடிப்படி முழுக்க உலவும். ஒருத்தர் அரசாங்க உத்தியோகம், பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறவர். சமைக்க நேரமில்லாமல் பஸ் ஸ்டாண்டு எதிரே ஓட்டலில் சாப்பாடு வாங்கி, கடைசி நேரத்தில் வீட்டு டப்பாவில் கொட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேடம் ஸ்பூனால் சாம்பாரைத் தொட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். "இந்த சாம்பார எனக்கு நல்லாத் தெரியும். நாலு வருசமா சோடா உப்பு போட்டுகினுதான் பருப்ப வேக வெக்கறாங்க. அதுல கொஞ்சம் மாறினாங்கன்னா நானே போயி துன்னுவேன்" என்றார். உத்தியோகஸ்தர் முகம் சிவந்துபோனது. அவரைத் திட்டாமல், ராத்திரியே கொண்டைக்கடலை ஊறவைத்துக் காலையில் குக்கரில் நாலைந்து விசில் விட்டால் போதும் என்று, ஒரு பந்தி நேரம் முழுக்க அந்த இருவருக்கு மட்டும் சமையல் சொல்லிக்கொண்டிருந்தார். சமைக்கத் தெரியாதவர்களிடம் அவருக்குக் கோபமே வராது. பொய்யிடம் மட்டும்தான் கோபம், அதுவும் ஸ்பூன் வெளியே வருகிறவரைக்கும்தான்.

இன்னொருத்தர் மயிலம் பக்கத்து ஆள். அவர் டப்பாவில் முருங்கைக்காய் சாம்பார், முருங்கைக்காய்ப் பொரியல், முருங்கைக்கீரைத் துவட்டல். யாரோ முருங்கைக்காய் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். வேறு எதையும் தொடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

"மரத்தயாவது விட்டு வெச்சீங்களா?" என்றார் மேடம்.

"இருக்குதுங்க மேடம்."

"அது இருக்கட்டும். முருங்க நல்லதுதான். ஆனா அதுவே புள்ள குடுத்துடாது. பருப்பு வேணும், மீனோ முட்டையோ வேணும், பழம் வேணும், கைநிறைய மல்லாட்ட வேணும். பீடிய வுடணும். வெறும் சாப்பாட்டாலயே புள்ள பொறக்கும்னு நான் சொன்னேன்னு எங்கயும் போயி சொல்லிடாதீங்க, டாக்டரம்மா என்ன இந்த மாடிலேர்ந்து கீழ தள்ளிடுவாங்க."

எங்கள் ஆளுக்கு எல்லாவற்றிலும் அவசரம். மூன்றாவது வாரமே, பாக்கை விட்டுவிட்டேன், புரோட்டாவை விட்டுவிட்டேன், இன்னொரு தடவை டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டார்.

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மல்லாட்ட போட்டா எத்தினி நாள்ல புடுங்குவீங்க?"

"நூறு, நூத்தஞ்சு நாள் ஆவுங்க."

"வெதச்ச மூணாவது வாரமே தோண்டிப் பாப்பீங்களா?"

"பாக்க மாட்டோங்க."

"அப்ப இத மட்டும் ஏன் தோண்டிப் பாக்கணும்ன்றீங்க? ஒடம்புல அந்த அணு புதுசா உருவாயி வெளிய வர்றதுக்கும் கிட்டத்தட்ட ஒரு மல்லாட்டப் போகம் ஆவும். இன்னிக்குத் துன்றது அப்பத்தான் தெரியும். பேஜாரு பண்ணாம போயி களையெடுங்க."

இவருக்கு அதுவரை யாரும் அவருடைய பாஷையில் விளக்கியதில்லை. அன்றைக்கு வேன் ஓட்டும்போது தானாகச் சிரித்துக்கொண்டே வந்தார். பிறகு யாராவது அவசரப்பட்டால், "இன்னும் பூவே வெக்கல, அதுக்குள்ள காயா?" என்று மாடியில் இவரே மற்றவர்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். மேடம் அதையும் தடுக்கவில்லை.

இதெல்லாம் நடந்தாலும் என் எடை ஏறவில்லை. ஏன் என்று மேடத்துக்குப் புரியவில்லை. டப்பா ஒழுங்காக இருந்தது, கிளறினால் அடிவரைக்கும் சரியாக இருந்தது. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டப்பா இல்லாத நாள்ல இன்னா நடக்குது?" என்று கேட்டார். அப்போதுதான் விரதங்களைச் சொன்னேன். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை. அதில் பாதி தண்ணீர் மட்டும்தான். எல்லாம் பிள்ளை வரத்துக்கு மாமியார் வேண்டிக்கொண்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவரும் அப்படி இருந்துதான் என் வீட்டுக்காரரைப் பெற்றதாக நம்பினார்.

"புள்ள வேணும்னு வயித்தக் காயப் போட்டுகினு இருக்கியா?" என்றார் மேடம். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அடுத்த தடவ உங்க மாமியார அழச்சிகினு வா. டப்பாவோட."

என் மாமியாருக்கு மேடம் மேல் ஏற்கெனவே ஒரு வருத்தம். தன் மகனுக்குப் புரோட்டாவை நிறுத்தியவர் என்று. வேனில் ஏறும்போதே, "எனக்கு எதுக்கு டப்பா? நான் சும்மா தொணைக்கு வர்றேன்" என்றார். ஆனால் மடியில் ஒரு தூக்குப்பாத்திரம் இருந்தது. மேடம் வந்ததும் வழக்கம்போல ஸ்பூனை நீட்டினார். தூக்கில் கேப்பைக்களி, கீரைக் கடைசல், தனியாக ஒரு பொட்டலத்தில் அவித்த மல்லாட்டை.

மேடம் ஸ்பூனைக் கைப்பையில் திரும்ப வைத்தார். "இந்த மாடிக்கு வந்ததுலயே நல்ல டப்பா இதாம்மா. கிளறவே தேவயில்ல" என்றார்.

என் மாமியார் அன்றைக்கு அரை அடி உயர்ந்துவிட்டார். பக்கத்து பெஞ்சுக்காரர்களுக்கெல்லாம் தூக்கைச் சாய்த்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்து மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விரதம் எதுக்கு வேண்டிகினீங்கம்மா?"

"பேரப்புள்ளைக்குத்தான்."

"பேரப்புள்ள இவ ஒருத்திக்கா, ரெண்டு பேருக்குமா?"

"அது இன்னா கேள்வி? ரெண்டு பேருக்கும்தான்."

"அப்ப அவரு இருக்கலாமே விரதம். அவருக்குத் தொப்ப எறங்கணும். இவளுக்கு ஒடம்பு ஏறணும். இப்ப தலகீழா நடக்குது. மாத்தி வுட்டா ரெண்டும் சரியாப் போவும். அவரையும் பட்டினி போட வேணாம். பழம், மோரு, ஊறவெச்ச மல்லாட்ட, சாயங்காலம் கேப்பக் கூழு. எண்ணெ கிண்ணெ எதுவும் கூடாது."

என் மாமியார் இவரைப் பார்த்தார். இவர் படியைப் பார்த்தார், ஓடிவிடலாமா என்கிறாற்போல. "ஆம்பளப் புள்ள, பசி தாங்க மாட்டான்" என்றார் மாமியார் மெல்ல. பிறகு, "சாமி ஒத்துக்குமா?" என்று கேட்டார்.

"எனக்கு சோறுதான் தெரியும்மா. சாமிய நீங்கதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற வழக்கம் உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். வெள்ளிக்கிழமை மாமியாரே பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிவப்புக்கு வேண்டிக்கொண்டதை உதட்டு அசைவிலேயே நான் பார்த்தேன். எடுத்தார். வெள்ளை.

"இன்னொருதரம் பாக்கலாமா?" என்றார்.

"அம்மங்கிட்ட பேரம் பேசுவியாடா?" என்று மாமியார் அதட்டிவிட்டு மற்றப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவர் புடவையை உதறும்போது அந்தப் பொட்டலம் கீழே விழுந்து பிரிந்தது. அதிலும் மல்லிகைப் பூதான். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அவர் பூவைப் பொறுக்கி என் தலையில் வைத்தார்.

"சாமிக்கு எதுக்கு வீண் சிரமம்னுதான்" என்றார். "போயி துன்னு. பசியோட நிக்காத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு வருஷமாக எனக்காகப் பட்டினிக் கணக்குப் பார்த்த பொம்பளை அவர். தூக்குப்பாத்திரத்துக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதும், கேட்டதை யோசித்துப் பார்த்திருக்கிறார். மேடம் அவரைத் திட்டியிருந்தால் இரண்டு பொட்டலத்திலும் சிவப்புதான் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமைகள் எங்கள் வீட்டில் தமாஷாகிப் போயின. இவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வேனில் கிளம்புவார். திண்டிவனம் பைபாஸில் புரோட்டாக் கடைக்காரர் தவாவில் தட்டித் தட்டிக் கூப்பிடுவாராம். இவர் ஜன்னலை ஏற்றிக்கொண்டு ஜல்தியாகக் கடந்துவிடுவாராம். ஊறவைத்த மல்லாட்டையைக் கொறித்துக்கொண்டு, "மல்லாட்டய ஏத்திகினு மல்லாட்டயத் துன்னுகினு போற ஒரே டிரைவர் நான்தான்" என்று போனில் என்னிடம் புலம்புவார். வேன் சீட்டுக்கு அடியிலிருந்து வருகிற இன்ஜின் சூடு உயிரணுவுக்கு ஆகாது என்று மேடம் சொன்னதால், தடியாக ஒரு மெத்தை தைத்துப் போட்டுக்கொண்டார், வழியில் அடிக்கடி இறங்கி நின்றார். நான் வீட்டில் மாமியார் எதிரே உட்கார்ந்து மீன் சாப்பிட்டேன். அவர் தன் தட்டில் முட்டை வைத்துக்கொள்ளவும் நான் விடாப்பிடியாக நின்றேன். மேடத்தின் ஸ்பூன் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டதென்று இவர் கேலி செய்வார்.

அந்த மாடியில் எல்லார் டப்பாவும் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தர் டப்பாவைத் தவிர. மேடம் எங்களோடு சாப்பிட்டதே இல்லை. பந்தி முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். அதில் என்ன இருக்கும் என்று பெரிய ஆராய்ச்சி நடந்தது. பாதாம் பிஸ்தாவாக இருக்கும் என்றாள் விக்கிரவாண்டிக்காரி. தினமும் பிரியாணிதான், அதனால்தான் அந்த உடம்பு என்றார் இவர். ஒரு தடவை நானே துணிந்து கேட்டேன். "நான் நல்லாத்தான் சாப்பிட்றேன்" என்று சொல்லிவிட்டு, அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

நடுவில் ஒரு நாள் அவர் விழுப்புரத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீடு திண்டிவனத்தில், இரண்டு பையன்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள், அலைச்சல் முடியவில்லை என்று அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. மாடியில் பந்தி நின்றுபோனது. எங்களுக்கு டாக்டரம்மாவின் மருந்துகள் நடந்துகொண்டிருந்தன. என் எடை ஏறியிருந்தது, இவர் பேண்ட்டை இரண்டு தரம் பிடித்துத் தைத்தாயிற்று.

அதற்குப் பிறகு ஒரு லோடு நாளில் நானும் வேனில் ஏறிக்கொண்டு திண்டிவனம் போனேன். மில்லில் மூட்டையை இறக்கிவிட்டு அந்த ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்தோம். வெறுங்கையோடு அவரைப் பார்க்கப் போக முடியுமா? ஆளுக்கொரு டப்பா எடுத்துக்கொண்டுதான் போனோம். மதியம் இரண்டு மணி தாண்டிவிட்டது. கதவு ஒருக்களித்திருந்தது. தட்டிவிட்டு உள்ளே போனதும் மேடம் சட்டென்று ஒரு டப்பாவை மூடிக் கோப்புகளுக்குப் பின்னால் தள்ளினார்.

"அட, மல்லாட்டக் குடும்பமா? வாங்க வாங்க" என்று எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்" என்று நான் ஆரம்பித்தேன்.

"வாயால சொல்றதெல்லாம் அப்பறம். டப்பாவ தொற."

நான் திறந்தேன். உள்ளே வெறும் பொரி. ஓரத்தில் பாதி எலுமிச்சம்பழம். அவர் முகம் மாறிவிட்டது. ஸ்பூனைக்கூட எடுக்கவில்லை.

"இன்னா இது? இன்னிக்கு செவ்வாக்கெழமகூட இல்லயே. மறுபடியும் விரதத்த உன் தலையில கட்டிட்டாங்களா?" என்று இவரை முறைத்தார்.

"இல்லைங்க மேடம். தாளிக்கிற வாசனையே ஆவல. வேற எதுவும் உள்ள போவ மாட்டுது" என்றேன்.

அவர் பொரியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி பொரியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். இவர் மட்டும் சுவரிலிருந்த காலண்டரை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அன்று அந்த டப்பாவில் பொரியாக இருந்தவள் இப்போது யூகேஜி படிக்கிறாள்.

கண்ணைத் துடைக்கத் துணி தேடிக் கோப்பை நகர்த்தியபோது மேடத்தின் டப்பா மேஜையோரத்துக்கு வந்து சாய்ந்தது. இவர் பாய்ந்து பிடித்தார். மூடி திறந்துகொண்டது. உள்ளே ஆறி ஒட்டிப்போன நூடுல்ஸ், கடித்து வைத்த பாதி இட்லி, பிரெட் ஓரங்கள்.

மேடம் மூடியை எடுக்கக் கை நீட்டினார். "பசங்க காலைல வெச்சிட்டுப் போனது. வீணாப் போவுதேன்னு..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் பார்க்க அந்த அறையில் தண்ணீர்த் தொட்டி எதுவும் இல்லை.

எனக்கு என் ரசம் சோறு ஞாபகம் வந்தது. யாராவது சொன்னார்களா என்று அவர் கேட்டதும் ஞாபகம் வந்தது. அவரிடம் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அத்தனை பேர் டப்பாவைக் கிளறிய மனுஷிக்குத் தன் டப்பாவைக் கிளற ஒரு ஆள் இல்லாமல் போயிற்றே என்று தாங்க முடியாமல் இருந்தது.

இவர் பேசத் தெரியாத மனுஷர். நூடுல்ஸ் டப்பாவை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன் மூன்றடுக்கைப் பிரித்து ஒவ்வொன்றாக மேடம் எதிரே வைத்தார். சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, மீன், மாமியார் போட்டுவிட்ட அவித்த மல்லாட்டை.

"மாத்திக்குங்க மேடம்" என்றார்.

"எனக்கு இது அதிகம்ப்பா."

"அது பந்தில சொல்ற பேச்சு இல்லைங்களே."

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து அந்த நீள ஸ்பூனை எடுத்தார். பழக்க தோஷம், சோற்றை அடிவரைக்கும் ஒரு தரம் கிளறிப் பார்த்தார். அடியிலும் ஒரு மீன் துண்டு இருந்தது. அதே ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் என் பொரியைக் கொறித்தேன். கீழே வேனை நோ பார்க்கிங்கில் விட்டு வந்திருந்தோம், யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் டப்பா காலியாகும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.